குதிகாலில் ஒரு விரல்

எஸ்பென் மசாஜ் மேசையில் குப்புறப் படுத்து, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டான்.

"வலது காலு. எப்பவும் போல நல்லா அழுத்தி விடு, சோல்வை. இன்னிக்கு மட்டும் வலியை எடுத்துடு. அப்புறம் கோடை முழுக்க ஓய்வுதான்."

சோல்வை ஒரு கையால் அவன் பாதத்தைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தாள். மறு கையின் இரண்டு விரல்கள் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாரைப் பிடித்திருந்தன. போன வாரம் அங்கே ஒரு தடிப்பு மட்டும் இருந்தது. இன்று விரலுக்கடியில் நறநறவென்றது, இரவில் உறைந்த பனிமேல் காலையில் முதல் ஆள் நடப்பதுபோல.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அரங்கில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து பன்றி இறைச்சி வேகும் வாசனை வந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். ஜெயித்தாலும் தோற்றாலும் அது மாறாது. இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவிலேயே இருக்கலாம், தோற்றால் கீழே இறங்க வேண்டும். ஃபியோர்டுக் கடற்கழியின் ஓரத்து மீன் தொழிற்சாலை மூடிய பிறகு, ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இந்த பாட்மின்டன் அணி ஒன்றுதான் மிச்சம். அதிலும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு தோற்காத ஜோடி எஸ்பெனும் மால்தேயும்தான்.

அந்த வெற்றிகளில் பாதி சோல்வையின் கைக்குச் சேரும் என்று ஊரில் பேச்சு. எஸ்பெனும் அதை நம்பினான். அவள் கை கெண்டைக்காலில் படாமல் அவன் களத்தில் இறங்கியதே இல்லை. சோல்வைக்கு உண்மை தெரியும். மசாஜ் செய்தால் மறுநாள் உடம்புவலி கொஞ்சம் குறையும், படுத்திருப்பவனின் மனம் அடங்கும். ஆனால் வேகம் கூடாது. ஆட்டத்துக்கு முன் ரொம்ப அழுத்தினால் கால் மந்தமாகக்கூட ஆகலாம். இதை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஆனாலும் ஊரின் பேச்சு காதில் விழும்போது அவளுக்குப் பிடிக்காமலும் இல்லை.

"என்ன, எண்ணெய் தீந்துபோச்சா?" என்றான் எஸ்பென் தலையைத் தூக்காமல்.

"எண்ணெய் இருக்கு. நான் தொட மாட்டேன்."

அவன் முழங்கையை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். "விளையாடாத, சோல்வை."

"நான் ஒரு தடவை விளையாடினேன். உனக்குத் தெரியும்."

தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. அப்போது அவள் தொழிற்சாலையில் மீன் வகிர்ந்துகொண்டிருந்தாள். மாலையில் கணவன் டோர்கிலோடு கலப்பு இரட்டையர் ஆடுவாள். ஒரு குளிர்காலம் முழுக்கக் குதிகால் வலித்தது. மாவட்ட இறுதி ஆட்டத்தன்று, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் காலைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். வலி போய்விட்டது. குணமாகிவிட்டது என்று எண்ணித் துள்ளிக்கொண்டு இறங்கினாள். பின்கோட்டுக்குப் பறந்த ஒரு ஷட்டிலுக்காகக் காலை உந்தியபோது, யாரோ ராக்கெட்டால் பின்னாலிருந்து குதிகாலில் ஓங்கி அடித்தார்கள். அந்தச் சத்தம் அரங்கமே கேட்டது. விழுந்துகொண்டே அவள் கத்தினாள்: "டோர்கில், ஏன் என்னை அடிச்ச?"

டோர்கில் அவளுக்கு முன்னால், வலைக்கு அருகில் நின்றிருந்தான். அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை. அறுந்தது நார். எல்லோரும் சிரித்தார்கள், அவள் எழவில்லை என்றதும் நிறுத்தினார்கள். இன்றும் ரொட்டிக்கடையில் டோர்கிலைக் கண்டால், "இன்னிக்கு யாரை அடிச்ச?" என்று கேட்பார்கள். அவனும் சிரிப்பான். சோல்வையிடம் யாரும் கேட்பதில்லை.

அதன்பின் மீன் மேசை முன்னால் நாள் முழுக்க நிற்க அவளால் முடியவில்லை. நகரத்துக்குப் போய் மசாஜ் படித்து வந்து, அரங்கத்தின் பழைய சாமான் அறையில் இந்த மேசையைப் போட்டாள். இங்கே அவள் வைத்த விதி ஒன்றே ஒன்று: மேசையில் பேசியதும் விரலில் பட்டதும் கதவைத் தாண்டிப் போகாது. அந்த விதியை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்.

கதவு திறந்தது. பயிற்சியாளர் பிரேபென் கழுத்தில் விசிலோடு தலையை மட்டும் நீட்டினான்.

"என்ன, நம்ம கூரைக்காரன் தயாரா? பேரு எழுதிக் கொடுக்கணும்." எஸ்பெனுக்கு வீட்டுக் கூரைகளுக்கு ஓடு வேயும் வேலை. "சோல்வை, அவன் காலு எப்படி இருக்கு?"

எஸ்பென் அவளைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். அவள் துண்டை மடித்தாள்.

"காலு அவனோடது. அவனையே கேளு."

"நல்லாத்தான் இருக்கு," என்றான் எஸ்பென்.

"அப்ப சீக்கிரம் வா. மால்தே அங்க பொண்டாட்டியைத் தேடுற மாதிரி உன்னைத் தேடுறான்." பிரேபென் போய்விட்டான்.

எஸ்பென் எழுந்து உட்கார்ந்தான். முகம் சிவந்திருந்தது. "நீ தொடாட்டி நான் அப்படியே போவேன்."

"போ. நான் புடிச்சு வைக்கல." அவள் அவன் வலது கையை எடுத்து, அவனுடைய விரல்களையே குதிகால் நாரில் வைத்தாள். "இப்ப பாதத்தை ஆட்டு. மெதுவா."

அவன் ஆட்டினான். நிறுத்தினான். மறுபடி ஆட்டினான்.

"இது என்ன?"

"போன வாரம் இது இல்ல. நான் அழுத்திவிட்டா உனக்கு இது தெரியாமப் போகும், அவ்வளவுதான். இங்க பாரு." அவள் காலணியைக் கழற்றி, இடது காலைத் தூக்கிக்கொண்டு வலது காலில் மட்டும் நின்றாள். நுனிக்காலில் எழும்பப் பார்த்தாள். குதிகால் தரையை விட்டு எழவே இல்லை. "இருபத்தி மூணு வருஷம் ஆச்சு. எனக்கு ஏணியில ஏற வேண்டிய வேலை இல்ல, எஸ்பென்."

"நான் போகாட்டி நாம தோத்துடுவோம்."

"தோத்துடலாம்."

"ஊர்ல உன்னைத்தான் சொல்வாங்க."

"சொல்லட்டும்."

அவன் கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனான். சோல்வை எண்ணெய்க் குப்பியை மூடினாள். அரங்கில் காலணிகள் கீச்சிடும் சத்தத்தில் எது அவனுடையது என்று காது கொடுத்துக் கேட்டாள். தெரியவில்லை. அவள் வெளியே போய்ப் பார்க்கவும் இல்லை.

கடைசியில் ஒலிபெருக்கி கரகரத்தது. "முதல் இரட்டையர்: மால்தே, ஃபின்."

ஃபின் அரங்கத்தின் காவலாளி. ஐம்பதைத் தாண்டியவன், தொப்பை அவனுக்கு முன்னால் வலையை அடையும் என்று கேலி செய்வார்கள். அன்று அவன் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஓடினான், விழுந்தான், எழுந்தான். போதவில்லை. மால்தே கடைசி ஷட்டிலை வலையில் அடித்ததோடு அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அரங்கம் வெளியூர் அணிக்குக் கைதட்டியது.

சாப்பாட்டு மேசையில் எதிரணி கொஞ்சம் அடக்கியே சிரித்தது. பிரேபென் குழம்புக் கூஜாவோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தான். சோல்வையின் தட்டுக்கு வந்ததும், கூஜாவை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டான். டோர்கில் அதைப் பார்த்தான். கத்தியும் முள்கரண்டியும் அவன் கையில் அப்படியே நின்றன. உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

எஸ்பென் மேசையின் மறுகோடியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் பார்க்கக் கூஜாவை எடுத்து அவள் தட்டில் ஊற்றினான். குழம்பு மேசை விரிப்பிலும் வழிந்தது.

"பிரேபென்," என்றான் உரக்க, "பேரை எடுக்கச் சொன்னது நான். அவ என்னைப் போக வேணாம்னு சொல்லல. இதை எல்லாரும் கேட்டுக்குங்க."

பிரேபென் தலையை மட்டும் அசைத்தான். ஃபின், "எனக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. திங்கட்கிழமை இடம் இருக்கா, சோல்வை?" என்றான்.

"இருக்கு."

இருந்தது. அந்த வசந்தம் முழுக்க நிறையவே இருந்தது. அணியில் முக்கால்வாசிப் பேர் அந்த அறைப் பக்கம் வரவில்லை. அவள் தினமும் அறையைத் திறந்தாள், துண்டுகளை மடித்து வைத்தாள். எஸ்பென் மட்டும் வாரம் ஒருமுறை வந்தான். வந்ததும் முதலில் தன் விரலையே குதிகாலில் வைத்து, பாதத்தை மெதுவாக ஆட்டிப் பார்ப்பான். அங்கே என்ன படுகிறது என்று அவன் சொல்லும்வரை அவள் எண்ணெயைத் தொடாமல் காத்திருப்பாள்.