லண்டன் மாப்பிள்ளை யாரிடம் தமிழ் கற்றார்?

போன வாரம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருப்பவர். மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாராம். ரசத்துக்குச் சாதத்தில் குழி பறித்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, நீங்க பத்திரிகைல எழுதறவரு... பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பாஷை தெரிஞ்சிருந்தா விசா வெரசாக் கெடைக்குமுங்களா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் எனக்கு முதுகில் ஜில்லென்றது. பாயசம் வருகிற சாக்கில் பேச்சை மாற்றிவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

கோவையில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் சுமதி. அண்ணன் மஸ்கட்டில். அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா ராஜாமணி அக்கா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா? வீட்டில் சாவு விழுந்தால் கல்யாண வயதுப் பெண்ணை வருஷத்துக்குள் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி அவசர அவசரமாக அமைந்த மாப்பிள்ளைதான் ரவி. பெற்றோர் கோவைக்காரர்கள். ரவி பிறந்து வளர்ந்தது லண்டன். தமிழில் 'வணக்கம்' தெரியும். அத்தோடு சரி.

சுமதிக்கோ இங்கிலீஷ் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் லீவில் வந்த ரவி தாலி கட்டிய சில நாட்களிலேயே இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. பேசாமலே எப்படி? கல்யாணமான உங்களுக்குத் தெரியாததா!

தூதரகத்துக்கு அது புரியவில்லை. அவசரக் கல்யாணம், பேசிக்கொள்ள ஒரு மொழி கிடையாது - இது நிஜக் கல்யாணம்தானா என்று சந்தேகப்பட்டு விசாவை மறுத்துவிட்டார்கள். வருஷத்துக்குள் முடிக்கிற வழக்கத்தை எந்த அதிகாரியிடம் போய் விளக்குவது? மறுபடி விண்ணப்பம் போட்டார்கள். இதிலும் இல்லையென்றால் அவள் இங்கே, அவர் அங்கே... வேறு வழி கிடையாது.

ரவி ரோஷக்காரர். தமிழ் கற்றுக்கொண்டே தீருவேன் என்றார். சுமதி கேசட்டில் பேசிப் பதிந்து அனுப்பினாள். மாதங்கள் ஓடின.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. எங்கள் நம்பருக்குத்தான் ரவி கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை. போன் அடித்தது. எடுத்தேன். வெளிநாட்டு லைனுக்கே உரிய இரைச்சல்... அப்புறம் இரண்டு முறை தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"ஏனுங்க... சவுக்கியமுங்களா? அம்மணியெக் கொஞ்சம் கூப்புடறீங்களா?"

ஆண் குரல்தான். ரவியின் குரல்தான். ஆனால் அந்த இழுப்பு? 'ஏனுங்க' என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துகிற அந்த வழக்கம்? பேசுமுன் இரட்டைச் செருமல்? காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ராஜாமணி அக்கா கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அந்த அம்மாள் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது!

சுமதி ஓடி வந்து ரிசீவரை வாங்கினாள். ஒரே நிமிஷம். முகம் வெளுத்தது. ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது. உள்ளேயிருந்து சன்னமாகக் குரல் வந்துகொண்டே இருந்தது... "வெரசா வந்து சேரு கண்ணு... வெரசா வந்து சேரு..."

"அண்ணா, எங்கம்மா பேசறாங்க. என்னெய வரச்சொல்றாங்க" என்றாள். செத்துப்போனவர் கூப்பிட்டால் எங்கே போவது? அதற்கப்புறம் போன் வந்தால் ஏதாவது சாக்கு சொல்லி வராமலே இருந்தாள்.

நான் விடவில்லை. அவள் அப்பாவைக் குடைந்தேன். மெதுவாக விஷயம் வந்தது.

"பீரோவுல ஒரு கேசட் கெடந்துச்சுங்க. ஒரு பக்கம் காலியா இருந்துச்சு. எதுக்குப் புதுசு வாங்கோணும்னு எடுத்துக் குடுத்துபோட்டனுங்க..."

காலியாக இல்லாத மறுபக்கத்தில் ராஜாமணி அக்கா! மஸ்கட் மகனுக்குப் பேசிப் பதிந்துவிட்டு, அனுப்புவதற்குள் போய்விட்டார். கேட்கிற தெம்பு இல்லாமல் இவர் பீரோவில் வைத்து மறந்தே போயிருக்கிறார். சுமதி வெட்கத்தில் முணுமுணுத்திருப்பாள். அக்காவோ டேப் ரிக்கார்டருக்குக் காது மந்தம் என்பதுபோல நிறுத்தி, நிதானமாக, உரக்கப் பேசுகிறவர். தமிழ் படிக்கிறவர் யாரிடம் படிப்பார்? யாரோ அத்தை தனக்காகப் பேசியிருக்கிறார் என்று ரவி தினமும் போட்டுக் கேட்டு, கூடவே சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. சுமதிக்கு அவ்வளவாகத் தெளியவில்லை.

நேர்காணலுக்கு ரவியே வந்துவிட்டார். மெட்ராசுக்குத் துணைக்குப் போன நான் தூதரகத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றேன். உள்ளே நடந்ததைச் சுமதி சொல்லித்தான் தெரியும்.

வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாள். 'உங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்வீர்கள்? கொஞ்சம் பேசிக் காட்டுங்கள்' என்றிருக்கிறார் அதிகாரி. ரவி இரண்டு முறை செருமினார்.

"ஊடு வெறிச்சுன்னு கெடக்குது கண்ணு. நீயில்லாம சோறு எறங்க மாட்டீங்குது. வெரசா வந்து சேரு."

மொழிபெயர்த்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். சுமதி விம்மிவிட்டாள். அவள் ஏன் அழுகிறாள் என்பதை அதிகாரி எப்படிப் புரிந்துகொண்டாரோ... தலையை ஆட்டிப் பேனாவை எடுத்தார். விசா உறுதி!

எழுந்து வரும்போது ரவி குனிந்து சொன்னாராம்: "சிட்டு... கண்ணெத் தொடச்சுக்கோ."

இதைச் சொல்லிவிட்டுச் சுமதி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, அம்மா மட்டுந்தான் என்னெயச் சிட்டும்பாங்க. அதும் தலை பின்னி உடறப்ப, நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறப்ப மட்டும். அப்பாவுக்கே தெரியாதுங்க."

ரவியைக் கேட்டோம். "கேசட்டுல இருக்குதுங்களே" என்றார் சாதாரணமாக. கேசட்டும் அவர் பையில்தான் இருந்தது.

கோவை வந்ததும் எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் போட்டோம். இரண்டு பக்கமும், முழுசாக. வெறிச்சென்று கிடக்கும் வீடு இருந்தது. இறங்காத சோறு இருந்தது. மகனைப் பார்த்து 'வெரசா வந்து சேரு கண்ணு' இருந்தது. சிட்டு இல்லை. மறுபடி போட்டோம். இல்லை.

"தெனமும் கேட்டனுங்களே... கடைசீல வருமுங்களே..." என்று ரவி டேப் ரிக்கார்டரையே பார்த்தார். பேச்சு முடிந்த பிறகும் டேப் ஓடுகிற அந்த உஸ்ஸென்ற சத்தத்தை எல்லோரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் மனைவி எழுந்து போய் லைட்டைப் போட்டாள். மணி என்னவோ மத்தியானம்தான்.

சுமதியே எப்போதாவது வாய்தவறிச் சொல்லியிருப்பாள் என்றேன். யாருக்குச் சமாதானம் சொன்னேன்? எனக்கேதான்!

விசா வந்துவிட்டது. இனி இந்தப் பெண் போவாளா? எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. புறப்படுகிற அன்று வீட்டுக்கு வந்தாள். தலையை அழுத்தி வாரி, ஒற்றைச் சடை.

"பயமா இல்லையா அம்மணி?" என்று கேட்டே விட்டேன்.

"இத்தன நாளா, அம்மா என்னெய அவிய இருக்கற எடத்துக்குக் கூப்புடறாங்கன்னு பயந்துட்டு இருந்தனுங்க அண்ணா. அவரு ஊட்டுக்குத்தான் போகச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வாரனுங்க."

அவள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் டாக்சியில் வைத்தேன்.

மேட்டுப்பாளையத்துக்காரர் கை கழுவுகிற இடத்திலும் என்னை விடவில்லை. "பாஷை தெரிஞ்சா உதவுமுங்களா, உதவாதுங்களா?"

"நல்லாவே உதவுமுங்க" என்றேன். "கேசட்டு மட்டும் புதுசா வாங்கிக் குடுத்துருங்க!"