ஈ வீட்டுச் சமையல்

எங்கள் தொழிலில் சாப்பிடுகிறவர்கள் உப்பு பத்தவில்லை, உறைப்பு ஏறிவிட்டது என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் பேசாமல் செத்துப்போவார்கள். நான் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ஈக்களுக்குச் சமைக்கிறேன். வீட்டிலும் கரண்டி, போன இடத்திலும் கரண்டி என்று காலம் தள்ளுகிற அக்கா தங்கைகளே, உங்களுக்கு இது புரியும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் கூழ்

கொருக்குப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். பாத்திரம் கழுவும் வேலை என்றுதான் சொல்லியிருந்தார்கள். போனால் பெரிய அண்டாவைக் காட்டினார்கள். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கடல்பாசி. கட்டி தட்டாமல் கிண்டி, இறுகுவதற்குள் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, பஞ்சு உருட்டி வாயை மூட வேண்டும். அழுகின வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தப் பொடி ஈக்களுக்கான சாப்பாடு அது. பழக்கதோஷத்தில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "நம்ம வூட்ல ஈ வந்தா துண்டால அடிக்கிறோம். நீ இன்னாடான்னா ரெண்டு பஸ் ஏறிப் போயி அதுக்குக் கூழ் ஊத்திட்டு வர்றியா?"

சிவப்புக் கண்

அங்கே நஸ்ரீன் என்று ஒரு பெண் ஆராய்ச்சி படிக்கிறாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஒருநாள் கையைப் பிடித்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது ஈ. மாதுளை முத்துக்களை வரிசை பிசகாமல் கோத்த மாதிரி கண். பட்டு நூலில் நெய்த மாதிரி இறக்கை. இத்தனை நாள் துண்டால் அடித்தது இதையா என்று எனக்கு மேலெல்லாம் கூசியது.

இந்தப் பொடி உடம்புக்குள்ளும் நரம்பு இருக்கிறதாம். நரம்பின் ஒவ்வொரு செல்லிலும் கண்ணுக்கே தெரியாத கதவுகள். அது வழியாக உப்பு உள்ளே போய் வெளியே வரும், அதில்தான் மின்சாரம் ஓடும், நமக்கும் அப்படியே. நான் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நஸ்ரீன் சிரித்தாள். "எப்பவோ பிரிஞ்சுபோன சொந்தம்க்கா இது. பத்திரிகை வைக்க மறந்துட்டோம், அவ்ளோதான்."

குலுக்கினால் விழும் குப்பி

ஒரு தட்டுக் குப்பிகளில் மட்டும் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும். அந்த ஈக்களை வெறும் குப்பிக்கு மாற்றிப் பஞ்சால் மூடி, ஒரு சின்ன மெஷின் மேல் வைத்துப் பத்து வினாடி குலுக்கினாள் நஸ்ரீன். அத்தனையும் மல்லாந்து விழுந்தன. கால் வெட்டி வெட்டி இழுத்தது. இறக்கை படபடவென்று அடித்தது. அப்புறம் அசைவே இல்லை.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. என் மகள் மோனிஷாவுக்கு ஐந்து வயது. அவளுக்கு இப்படித்தான் வரும். வந்தால் மாமியார் ஓடிவந்து பீரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பார். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று. போன தடவை இறுகிய விரலைப் பிரித்துத் திணித்ததில் உள்ளங்கை கிழிந்து ரத்தம். 'சாவியே போதும், மாத்திரை வேண்டாம்' என்றும் சொல்ல ஆரம்பித்திருந்தார். பெண் பிள்ளை, வெளியே தெரியக் கூடாது என்பதால் வேலை இடத்தில் நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நான் அழுவதைப் பார்த்து, ஈக்காக அழுகிறேன் என்று நினைத்தாள் நஸ்ரீன். "கதவு சரியா சாத்தாத ஈங்கக்கா இது. இருங்க, தானா எழுந்துரும்."

பஞ்சுக்குள் ஊக்கு

எழுந்தனதான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் குலுக்கும் குப்பிகளுக்குப் பஞ்சு உருட்டும்போது வளையலில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றி, பஞ்சுக்கு ஒன்றாக உள்ளே வைத்து உருட்டிவிட்டேன். இருந்தது ஆறு ஊக்கு. சிவப்பு நாடாக் குப்பிகள் பன்னிரண்டு. பாதிக்காவது சீக்கிரம் தெளியட்டுமே. ஈக்குக் கையில் கொடுக்கவா முடியும், இரும்பு பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

நஸ்ரீன் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகக் குலுக்கி, எழுந்திருக்க எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதினாள். கடைசிப் பஞ்சைப் பிடுங்கும்போது "ஆ" என்றாள். விரலில் ரத்தப் பொட்டு. ஊக்கு ஒன்று திறந்திருந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன். மோனிஷா, சாவி, மாத்திரை எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பன்னிரண்டு பஞ்சையும் பிரித்து, ஊக்கு இருந்தது எது, இல்லாதது எது என்று நோட்டில் பார்த்தாள். வினாடிகளில் வித்தியாசமே இல்லை. எதில் ஊக்கு என்று தெரியாமலே அவள் எழுதிய கணக்கு அது. ஈ வேறு, பிள்ளை வேறு, டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் நிறுத்தாதீங்க என்று கண்டிப்பாகச் சொன்னாள். அப்புறம் அந்த ஆறு ஊக்கையும் என் உள்ளங்கையில் வைத்தாள். "அதுவா வருது, அதுவா தெளியுதுக்கா. இத்தன நாளா நல்ல பேரைச் சாவி வாங்கிக்கிச்சு."

சாவி வேண்டாம்

வீட்டில் சொன்னபோது மாமியார் காதில் வாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோனிஷா வாசலில் விழுந்தாள். மாமியார் சாவியோடு ஓடிவந்தார். "சாவி வேணாம் அத்தை" என்றேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லி நாங்கள் கேட்காததை எல்லாம் செய்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குத் துண்டு மடித்து வைத்து, போனில் மணி பார்த்தேன். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ரயில் யார்டில் கூட்ஸ் பெட்டி மோதுகிற சத்தம். மாமியார் சாவியைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம். ஒன்றரை. இந்தச் சின்னத் தலைக்குள் எத்தனை லட்சம் கதவுகளோ, எது எது சாத்திக்கொள்ளாமல் அடித்துக்கொள்கிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிஷம் பத்து வினாடியில் இழுப்பு நின்றது. மூச்சு சீரானது. கண் திறந்து என்னைப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

சாயந்திரம் மாமியாரே மாத்திரை அட்டையோடு வந்தார். "இந்தா, குடு. அம்மாத்தூண்டு ஈயே தானா எழுந்துக்குது, எம் பேத்தி எழுந்துக்க மாட்டாளா?"

இப்போது பீரோ சாவி பீரோவிலேயே தொங்குகிறது. வாழைப்பழத்தில் ஈ மொய்த்தால் மட்டும் மாமியார் துண்டை ஓங்கிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்து, விருந்தாளியை வழியனுப்புவதுபோல் மெல்ல விசிறி விடுகிறார்.