அப்பா தீட்டிக் கொடுத்த பிளேடு

ஐஸ் ஹாக்கி ஆடிச் சம்பாதிக்கிறேன் என்று ரெட்டியார்பாளையத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "ஹாக்கி சரி, ஐஸ் எதுக்கு?" என்பார்கள். பனிக்கட்டித் தரையில், பிளேடு வைத்த ஷூவைக் கட்டிக்கொண்டு, கையில் மட்டையோடு ஆடுகிற ஆட்டம் என்று விளக்கினால், "விழுந்துட மாட்டியா?" என்பது அடுத்த கேள்வி. விழுவேன். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

அப்பா இதைக்கூடக் கேட்டதில்லை. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவருக்கு வேலை போட்ட பிரெஞ்சு ஊர்களில்தான் நான் வளர்ந்தேன். அதில் ஒரு குளிர் பிடித்த ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பனித்தளம் இருந்தது. அங்கே ஆட ஆரம்பித்தேன். ஷூ லேஸை இழுத்துக் கட்டிவிட்டதெல்லாம் அம்மா. அப்பா அப்போது ஆப்பிரிக்காவில் எங்கேயோ காவலில் இருந்தார். நான் ஆடி அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் அவர்கள் இருவரும் புதுச்சேரிக்குத் திரும்பிவிட்டார்கள். நான் அங்கேயே தங்கி ஒரு சின்ன கிளப்பில் தடுப்பாட்டக்காரனாகச் சேர்ந்தேன்.

போன சீசனில் கணுக்கால் முறிந்து பாதி ஆட்டங்களுக்கு வெளியே உட்கார்ந்தேன். சீசன் முடிந்ததும் கிளப் கையை விரித்துவிட்டது. வாடகை அறையைக் காலி செய்துகொண்டு மூட்டை முடிச்சோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். வேறு இடம் இல்லாததால் ஸ்கேட் ஷூவும் கூடவே வந்தது. புதுச்சேரி வெயிலில் அதற்கு என்ன வேலை? கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

வந்த வாரமே அப்பா பேச்சை எடுத்தார். "இன்னொரு கிளப்பு கூப்டா போய் ஆடு. கூப்டலன்னா பட்டாளத்துல சேந்துடு. வயசு இருக்கும்போதே போயிடணும்." அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கும் அலுத்துப் போயிருந்தது. சரி என்று வாயை விட்டுவிட்டேன். வாக்குக் கொடுத்தால் எங்கள் வீட்டில் அவ்வளவுதான், அதற்கு அப்பீல் கிடையாது.

ஜூன் போனது, ஜூலை போனது, யாரும் கூப்பிடவில்லை. அப்பா பழைய நண்பர்களிடம் பட்டாளத்துச் சேர்க்கையைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். அவர் போனில் பேசும் சத்தம் கேட்டாலே நான் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். அப்போதுதான் பிரான்சில் மலைப் பகுதியில் உள்ள ஒரு கிளப்பில் இருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஒருவன் கடைசி நேரத்தில் விலகிவிட்டான். ஒரு காலைப் பயிற்சிக்கு வா, பார்க்கிறோம் என்றார்கள். அந்த ஒரு காலையில் அவர்களுக்கு என்னைப் பிடித்தால் ஆட்டம், இல்லாவிட்டால் பட்டாளம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர். ஊரே அந்தப் பக்கம் போயிருந்தது. நான் பையை அடுக்க உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் இருந்து ஷூவை எடுத்தேன். பிளேடு பளபளவென்று மின்னியது. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்ததும் பையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஸ்கேட் பிளேடு கத்தி இல்லை. அதன் அடியில், நடுவில், நீளத்துக்கும் ஒரு சின்னப் பள்ளம் ஓடும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு விளிம்புகள்தான் பனியைப் பிடிக்கும். திரும்புவதும் நிற்பதும் அந்த விளிம்பில்தான். என் பிளேடில் அந்தப் பள்ளமே இல்லை. இரண்டு பக்கமும் சாய்த்துத் தேய்த்து, நடுவில் ஒரே கூராக, அரிவாள்மணை மாதிரி தீட்டி வைத்திருந்தது.

"யாரு இத தொட்டது?" என்று நான் கத்தியதில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பின்னாலேயே அப்பா. அவருடைய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"நாந்தான்," என்றார். "துரு ஏறிக் கெடந்துது. நடுவுல வேற குழி வுழுந்து தேஞ்சு போயிருந்துது. இத போட்டுக்கினு போனா அவனுங்க சிரிக்க மாட்டானுங்க?"

"அந்தக் குழிதாம்பா பிளேடே!"

அவருக்குப் புரியவில்லை. எனக்கோ ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. "வேணும்னேதான பண்ணீங்க? நான் அங்க போய் வுழுந்து வாரணும். அப்பறம் வேற வழியில்லாம பட்டாளத்துக்கு வரணும். அதான?"

அம்மா, "டேய்!" என்றாள். அப்பா ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ ஜிம்முக்குப் போற நேரமெல்லாம் உக்காந்து தீட்டினாருடா. மொதல்ல பக்கத்து வூட்டு வெல்டர்கிட்ட கெரைண்டர் வாங்கியாந்து ஓட்டினாரு. அப்பறம் கல்லு வச்சி கையால. உன் கால்ல போடறத மடியில வச்சிக்கினு உக்காந்திருந்தாரு. நான் கீழ வைங்கன்னேன், கேக்கல." அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அப்போது என் மண்டையில் ஓடியதெல்லாம் பிளேடு, பிளேடு, பிளேடு மட்டும்தான்.

ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் பைக்கை விரட்டினேன். தேர் என்பதால் பட்டறையெல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தது. ஒரே ஒரு லேத் பட்டறையில் ஆள் இருந்தார். பிளேடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தவர், "சூப்பரா தீட்டியிருக்காங்களே தம்பி, இதுல என்னா கொற?" என்றார். நடுவில் பள்ளம் வேண்டும் என்றேன். "நல்லா இருக்கறத ஏன் கெடுக்கணும்ங்கற?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வேறு ஜோடி வாங்கலாம் என்றால், புது ஷூ காலுக்குப் படிய வாரக்கணக்கு ஆகும்.

மறுநாள் காரில் என் பையை ஏற்றியது அப்பாதான். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கார் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், துணி சுற்றிய கையால் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்.

விமானம் ஏறி, மலை ஊருக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பனித்தளத்துக்கு ஓடினேன். ஷூ, பிளேடு இதையெல்லாம் கவனிக்கிற ஊழியர் ஒருவர் இருந்தார். பிளேடைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "யார் செய்தது?" என்றார். "அப்பா," என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். என் ஷூவுக்குப் பொருந்தும் புது பிளேடு அவரிடம் இல்லை. சொல்லி வரவழைக்க வேண்டும் என்றார். கூரைத் தேய்த்துத் தட்டையாக்கி, மெஷினில் மறுபடி பள்ளம் வெட்டினார். பிளேடு பாதியாக இளைத்துவிட்டது. வலது பிளேடில் வெளி விளிம்பு சரியாக எழவே இல்லை. கிரைண்டர் சூட்டில் எஃகு அந்த இடத்தில் வலுவிழந்துவிட்டது என்றார். "அதை நம்பித் திரும்பாதே. இதற்கு மேல் என்னால் முடியாது."

இறங்கியதும் முதல் திருப்பத்திலேயே விழுந்தேன். எழுந்து, இரண்டாம் திருப்பத்திலும் விழுந்தேன். ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அடுத்தது ஒருவருக்கு ஒருவர். எதிராளி பந்தோடு பாய்ந்து வருவான். நான் பின்னோக்கிச் சறுக்கியபடியே அவனைத் தடுக்க வேண்டும். ஆட்டத்தில் பந்து என்பது ஒரு தட்டையான ரப்பர் வில்லைதான். அவன் எந்தப் பக்கம் வெட்டினாலும் நான் அந்தப் பக்கம் திரும்பியாக வேண்டும். எனக்கோ ஒரு பக்கம்தான் திரும்ப முடியும். அதனால் அவனுக்கு வேறு பக்கமே கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். தொடக்கத்திலேயே குறுக்கே நகர்ந்து நின்று, எனக்குத் தோதான பக்கத்தை மட்டும் திறந்து வைத்தேன். வந்தான், சுவரோரமாக ஒதுக்கினேன், தோளால் முட்டி நிறுத்தினேன். அடுத்தவனும் வந்தான், அவனையும் அங்கேயே ஒதுக்கினேன். ஒவ்வொருத்தன் வரும்போதும், மறுபக்கம் மட்டும் வெட்டிவிடாதே ராசா என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒருத்தன்கூட என்னைத் தாண்டவில்லை.

பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் கூப்பிட்டார். "நிறைய விழுகிறாய்," என்றார். "ஆனால் வழி விடமாட்டேன் என்கிறாய். கிறிஸ்துமஸ் வரைக்கும் இரு, பிறகு பார்க்கலாம்." நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஷூவைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கு போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். என்னை அணியில் எடுத்தார்களா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. "கூரு எப்பிடிடா இருந்துது?" என்றார்.

என் எதிரில் அந்த ஊழியர், சொல்லி வரவழைக்க வேண்டிய புது பிளேடுக்காக என் காலில் இருந்த ஷூவின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா புடிச்சிதுப்பா," என்றேன். "எடுத்துக்கிட்டாங்க."

"ம்," என்றார். அவ்வளவுதான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவதாக ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. அவளுக்குப் பின்னால் வாசலில், பக்கத்து வீட்டு வெல்டரிடம் அப்பா பேசிக்கொண்டிருந்தது போனில் கேட்டது. அவர் குரல் அவ்வளவு உரக்க எழுந்து நான் கேட்டதே இல்லை.

"பையன் செலக்ட் ஆயிட்டாங்கறேன்! பிளேடு நாந்தான் தீட்டிக் குடுத்தேன்."