வடிய இடமில்லாத தண்ணி

நஸீமுக்கு அலுத்துப் போச்சு. கல்முனைப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வடிகால் பார்க்கிற உத்தியோகம். யாராவது வயலை நிரப்பி வீடு கட்டப்போகிறோம் என்றால், மாரி மழையில் அங்கே தண்ணி நிற்குமா, எந்தப் பக்கம் ஓடும் என்று சேற்றுக்குள் இறங்கிப் பார்த்து எழுதவேண்டும். பார்க்கிறது லேசு. ஆகாது என்று எழுதிவிட்டு ஊருக்குள் நடக்கிறதுதான் பெரும்பாடு.

இந்தமுறை மருதமுனைக்கு மேற்கே, வயற்கரையில் ஒரு வீட்டுத்திட்டம். நம்மட ஆட்களின் பழக்கம் தெரியும்தானே! முதலில் கிறவல் மண்ணைக் கொட்டுவார்கள், பிறகுதான் அனுமதி கேட்பார்கள். பாதிக் காணி ஏற்கனவே மேடாகிக் கிடந்தது. அந்த மேட்டில் ஒரு வளவு அவனுடைய தங்கச்சி சிபானா வாங்கியது, மகள் நதீராவுக்கு வீடு கட்ட. வீடில்லாத குமர்ப்பிள்ளைக்கு இந்தக் கிழக்குக் கரையில் கலியாணப் பேச்சே எடுக்க ஏலாது. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். நஸீமும் பிறந்த வீட்டைத் தங்கச்சிக்கு விட்டுவிட்டுப் பொஞ்சாதி வீட்டில் இருக்கிறவன்தான்.

“காக்கா, எங்கட வளவுக்குத் தண்ணி வராதுதானே?” என்று அண்ணனைக் கேட்டாள் சிபானா.

“ஓம் புள்ள, வராது. ஆனா வயல் தண்ணியெல்லாம் அந்தக் காணியாலதான் வடிஞ்சு போறது. மறிச்சா கீழ் ஒழுங்கைக்குள்ள ஏறிரும்.”

வயலுக்குக் கீழே கிடக்கிற அந்தச் சின்னத் தெருவில்தான் அவன் பொஞ்சாதியின் வீடு. சிபானா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பொஞ்சாதிட வீட்டுக்குக் காவல் நிக்கிறீங்க எண்டு சொல்லுங்களன்.”

அந்த ஒழுங்கையில் இன்னும் எத்தனையோ வீடுகள். சொன்னால் யார் நம்புவார்? அல்லாவே, ஒரு மனிசனுக்கு இப்படியும் சோதனையா! பொய் எழுத அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆகாது என்றே எழுதினான்.

திட்டம் நின்றது. கொட்டின கிறவலை அள்ளத்தான் ஒருவரும் வரவில்லை. பேசி முடித்த சம்பந்தம் தவறக்கூடாதென்று சிபானா தான் இருந்த பிறந்த வீட்டையே நதீராவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம், சமைக்கிற குசினியோடு ஒதுங்கினாள். கலியாணத்தன்றும் அவள் காக்காவுடன் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. அது அவனுக்குப் பொறுக்கமுடியாமல் வலித்தது.

மாரி பிறந்தது. தண்ணியை மறிக்க அந்தப் பாதி மேடே போதுமாக இருந்தது. கீழ் ஒழுங்கை நிரம்பி வீட்டுக்குள் தண்ணி ஏற, பொஞ்சாதி அரிசி மூட்டையைக் கட்டிலில் தூக்கிவைத்தபடி கேட்டாள்: “ஆகாது எண்டு எழுதினீங்களே, என்ன நடந்திச்சு?”

நஸீம் உடுப்பு மூட்டையோடு அவளைக் கூட்டிக்கொண்டு, ஊருக்குள் உயரமான பக்கத்தில் இருக்கும் தான் பிறந்த வீட்டுக்கு நடந்தான். முன்வாசலுக்குப் போக வெட்கம். பின்பக்கம் போய்க் குசினிக் கதவடியில் நின்றான். நனைந்து நின்றவர்களைக் கண்டதும் சிபானாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உள்ளுக்கு வாங்க எண்டு சொல்ல இது இப்ப என்ட வீடில்ல, காக்கா. நதீராக்கிட்டக் கேளுங்க.”

நஸீம் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், பிறந்த வீட்டின் கதவைத் தட்டினான்.