வாய்க்காலில் கால் வைத்திருந்த சாட்சி

இலவச சட்ட உதவி வக்கீல்களுக்காகச் சாட்சிகளைத் தேடிப் போவது என் வேலை. கொலை வழக்கில் கைதானவன் கொலை நடந்த நேரத்தில் தன்னோடு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தான் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதரைப் பூதலூர்ப் பக்கம் கண்டுபிடித்தேன். நரைத்த மீசை. பேசும்போதும் ஒரு காலை வாய்க்காலுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"கோர்ட்டுக்கு வரமாட்டேங்க. செத்தவரோட அண்ணன் வயலத் தாண்டித்தான் எனக்குத் தண்ணி வரணும். மடைய அடைச்சிடுவாங்க."

சொல்லும்போதே குனிந்து பார்த்தார். கணுக்காலை நனைத்த தண்ணீர் விரல்களுக்கு இறங்கியிருந்தது.

"அடைச்சாச்சு. உங்க வண்டியப் பாத்துட்டாங்க."

காலை வெளியே எடுத்து உதறினார்.

"இனிமே என்னங்க? என்னைக்கு வரணும், சொல்லுங்க."

அவருக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. எனக்குத்தான் வண்டியைக் கிளப்பக் கை வரவில்லை. திரும்பும் வழி அந்த மடையைத் தாண்டித்தான்.