மிளகாய் இல்லாமல் திரும்பிய கப்பல்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேக புத்தி. பஹ்ரைனில், குதைபியாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குக் கீழே கோல்ட் ஸ்டோர் என்கிற ஒரு மளிகைக் கடை இருந்தது. அங்கே பால் வாங்கினால், டப்பாவில் தேதியை அழித்து எழுதியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இது அம்மாவிடமிருந்து வந்த குணம். வாசல் மணி அடித்தால் அம்மா முதலில் கதவு ஓட்டை வழியாகப் பார்ப்பாள், பிறகு யார் என்று கேட்பாள், அப்பா "நான்தான்" என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை பார்ப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் ஆதாரமே இல்லாமல் வாயைத் திறக்கிற ஒரே மனிதர் சித்தப்பாதான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி, ஏ.சி. மெக்கானிக். இருந்த இரண்டு பெட்ரூமில் ஒன்று எங்களுக்கு, மற்றது அவருக்கும் சித்திக்கும். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. நாகதோஷம் என்று ஊர் ஜோசியர் சொல்லிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்து, குளக்கரை அரசமரத்தடியில் நாகர் சிலை வைக்க வேண்டுமாம். அந்த வருஷ லீவில் போய்ச் செய்துவிடுவது என்று முடிவாகி, சித்தி அதற்கென்று ஒரு மஞ்சள் புடவைகூட எடுத்து வைத்திருந்தாள். அந்த நேரத்தில் ஒரு நாள் சித்தப்பா டூட்டி முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே, "கஃபீல் லீவு மாஃபின்னுட்டான். சைட் முடியற வரைக்கும் பாஸ்போர்ட் கையில தரமாட்டானாம்," என்றார். கஃபீல் என்றால் விசா கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிற அரபி முதலாளி, மாஃபி என்றால் இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட சித்தி சாப்பிடவும் வரவில்லை.

அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்குள் பாம்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இதே பஹ்ரைனில், வீட்டுத் தரைக்கு அடியில் கிண்ணத்தில் பாம்பை வைத்துப் புதைத்தார்களாம். அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? "நம்ம ஆளுங்கதான். முத்து வாங்கக் கப்பல்ல வந்தவங்க, கூடவே நாகரையும் கொண்டாந்துட்டாங்க."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. மறுநாள் அந்தக் கப்பல் எகிப்துக்குப் போனது. அதற்கும் மறுநாள் பெருங்கடலைத் தாண்டி மெக்சிகோவில் கரை தட்டியது. அங்கே இறகு முளைத்த பாம்புதான் சாமி. கோயில் படியில் வெயில் விழும்போது நிழல் பாம்பாக நெளிந்து இறங்குமாம். இங்கே ஆதிசேஷன், அங்கே இறகுப் பாம்பு. போய்ச் சொல்லாமல் எப்படி வந்தது? இவ்வளவையும் எங்கள் எல்லோருக்கும் சொன்னவர், முடிவை மட்டும் சித்தியைப் பார்த்துச் சொன்னார். "ஆகமொத்தம் இது நாகர் மண்ணு. ஊர்ல போய்ப் பண்றதும் ஒண்ணுதான், இங்கயே பண்றதும் ஒண்ணுதான்."

அம்மா அடுப்படியில் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, "உங்க தம்பி லீவே கேட்டிருக்க மாட்டாரு. செலவுக்குப் பயந்துகிட்டு ரீல் விடுறாரு," என்றாள். அப்பா தண்ணீர் குடிக்கப் போனார். வாக்குவாதம் வரும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுக்கும்.

நான் சித்தப்பாவிடம் நேராகவே ஆதாரம் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசராமல் வெள்ளிக்கிழமை என்னையும் சித்தியையும் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். ஒன்றும் இருக்காது என்று நிச்சயமாக நம்பிக்கொண்டு போன எனக்கு அங்கே சரியான அடி. கண்ணாடிக்குப் பின்னால் மண் கிண்ணங்கள் இருந்தன. கிண்ணத்துக்குள் பாம்பின் எலும்புகள் சுருண்டு கிடந்தன. சிலவற்றோடு ஒரு முத்தும் வைத்துப் புதைத்தார்கள் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. தமிழர்கள் என்ற சொல்லைத் தேடி அதை இரண்டு தடவை படித்தேன். அது இல்லை. சித்தி மட்டும் கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் கிட்டே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பாதி உண்மை சொல்கிறவர் என்று தெரிந்ததும் என் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

விடை பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. எங்கள் சோஷியல் டீச்சர், மலையாளி, போர்ச்சுகீசியர்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, அவர்கள் கொண்டுவரும் வரைக்கும் நம் நாட்டில் மிளகாயே கிடையாது, அது மெக்சிகோ பக்கத்துச் சரக்கு என்றார். நான் எழுந்து பாம்பைப் பற்றிக் கேட்டேன். பாம்பும் எல்லா ஊரிலும் இருக்கிறது, பயமும் எல்லா ஊரிலும் இருக்கிறது, அந்தக் கதைக்கு எதற்குக் கப்பல் என்று சிரித்தார். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாம் கூடி வந்தது. நம் ஆட்கள் மெக்சிகோ வரைக்கும் போய், பாம்பைக் கொடுத்துவிட்டு, மிளகாயை அங்கேயே விட்டுவிட்டு வருவார்களா? தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் இல்லையென்றால் தட்டை நகர்த்திவைக்கிற ஜனம். சித்தி ஏமாற்றப்படுகிறாள், அதை அவளிடம் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பா என்னையும் சித்தியையும் பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனார். பாம்புக் கிண்ணங்கள் கிடைத்தது அந்த மேட்டில்தான். அதே மேட்டில் நிற்பது போர்ச்சுகீசியர்கள் இருந்த கோட்டை என்பது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. சித்தப்பா வாட்ச்மேனிடம் போய், "பாய், அச்சா பாய்" என்று இந்தியில் பேச்சுக் கொடுத்து அவரை அந்தப் பக்கமாகத் திருப்பி நிறுத்திக்கொண்டார். மஞ்சள் புடவையில் வந்திருந்த சித்தி, மேட்டுக்குக் கீழே ஒரு பேரீச்சை மரத்தடியில் சின்னக் கல் ஒன்றை நட்டு, மஞ்சள் பூசி, பால் டப்பாவைத் திறந்தாள். நான் தேதி பார்த்து வாங்கிய பால்.

"சித்தி, சித்தப்பா சொன்னது பொய்," என்றேன். மிளகாய் விவரத்தை ஒன்று விடாமல் சொன்னேன்.

சித்தி நிமிரவில்லை. "மிளகா மட்டுமா? தக்காளியும் அங்கேருந்துதான் வந்துச்சு," என்றாள்.

"அப்போ லீவு மாஃபின்னு சொன்னதும் பொய்யா?" என்று கேட்டேன்.

"அது நெசம். கால்ல விழாத குறையா கெஞ்சியிருக்காரு. கூட வேலை பாக்குறவரோட வீட்டுக்காரம்மா சொன்னா. எங்கிட்ட அதச் சொல்ல அவருக்கு வாய் வரல." சித்தி பாலைச் சாய்த்தாள். மணல் அதை உடனே குடித்துவிட்டது. "நீ பாட்டுக்கு அவருகிட்ட மிளகாயக் கொண்டுபோயி நிறுத்தாத. நான் நம்புறேன்னு நெனச்சதுலேருந்துதான் ராத்திரி கொஞ்சம் தூங்குறாரு."

"நம்பாம ஏன் பால் ஊத்துறீங்க?"

"கொண்டாந்தாச்சுல்ல," என்றாள்.

சித்தியின் கண் கலங்கியிருந்தது. காற்றில் மணல் பறந்துகொண்டிருந்ததால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

காருக்கு நடக்கும்போது சித்தப்பா என்னைத் தனியே இழுத்து, "சித்தி நல்லா வேண்டிக்கிட்டாளா?" என்றார். அவர் கேட்ட விதத்தில், மெக்சிகோ வரைக்கும் கப்பல் ஓட்டியவரின் குரலே இல்லை. "ரொம்ப நேரம் வேண்டிக்கிட்டாங்க," என்றேன். ஆதாரம் இல்லாமல் நான் வாயைத் திறந்தது அன்றுதான்.

சித்திக்குக் குழந்தை பிறக்கவில்லை. சித்தப்பா இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால் அந்தக் கப்பலை எடுக்கிறார். அது எகிப்தைத் தாண்டுகிற இடத்தில் சித்தி, முதல் தடவை கேட்கிறவள்போல, "அப்புறம்?" என்கிறாள்.

அன்று காரில் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறி முறைத்துக்கொண்டு வந்தேன். ஏமாற்றியவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்து, ஏ.சி. போதுமா, இன்னும் கூட்டவா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏமாந்தது யார் என்பதுதான் குதைபியா வந்து சேரும்வரை எனக்குப் பிடிபடவில்லை.