படத்தை மறைத்த கை

நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம், அதில் யானைப் படம், படத்தின் மேல் டீச்சரின் உள்ளங்கை. விரல்களில் சுண்ணக்கட்டித் தூள். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு என்னை அழைத்திருந்தார் மகளின் வகுப்பு டீச்சர். எனக்கு முன்னால் இரண்டு பாடங்களைக் கடகடவென்று வாசித்த மகள், டீச்சர் வேறொரு பக்கத்தைத் திருப்பிப் படத்தை மறைத்ததும் நின்றுவிட்டாள். அது எந்தப் பாடம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. முதல் சொல்லைக்கூட வாசிக்க முடியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

படத்தைப் பார்த்து மனப்பாடமாகச் சொல்லப் பழக்கியது நான்தான். என் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு வைத்தவர்கள்; நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர். மகள் பின்தங்கிவிடக் கூடாதென்ற பயத்தில் தினமும் மாலையில் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். "ரேடியோ மாதிரில்ல வாசிக்கிறா" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது பூரித்துப் போனேன். டீச்சர் படத்தை மறைத்த அன்று வீட்டுக்கு வந்ததும், "இவ்வளவு நாளா ஏமாத்துனியா?" என்று கன்னத்தில் அறைந்தேன். அவள் அழவில்லை. "நீங்க சொன்னதத்தானே அப்பா சொன்னேன்" என்றாள்.

மறுநாள் பாடசாலைக்குப் போய் வந்தவள், இனிப் போகமாட்டேன் என்றாள். விஷயமும் அக்கா சொன்ன ரேடியோப் பட்டமும் வகுப்பில் பரவி, பிள்ளைகள் "ரேடியோ, பாட்டரி முடிஞ்சிருச்சா?" என்று கேலி செய்தார்களாம். அதோடு படிப்பே நின்றுவிடுமோ என்று பயந்து டீச்சரிடம் ஓடினேன். அறைந்ததையும் சொன்னேன். டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "ஞாபக சக்தி நல்லா இருக்கு சார். எழுத்துத்தான் இன்னும் பிடிபடல. இனிமே நீங்க முந்தி வாசிக்காதீங்க. அவ நிக்கிற எடத்துல நீங்களும் நில்லுங்க" என்றார். அடுத்த நாள் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வகுப்பில் யாரும் பார்த்திராத ஒரு பக்கத்தை எல்லோரிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். கேலி செய்தவர்களும் திக்கினார்கள். "இப்ப யாரோட பாட்டரி முடிஞ்சிருக்கு?" என்று டீச்சர் கேட்க, என் மகளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதன்பின் அவளைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னதே இல்லை, தோழியோடு சேர்ந்துதான். காலை மணி அடிக்குமுன் பத்து நிமிடம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் தினமும் பார்க்கிற பஸ் பெயர்ப்பலகைகளில் தொடங்கி எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கோ சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. அவள் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும்போது நாக்கைக் கடித்துக்கொள்வேன்; தேநீர் ஆறிப்போகும். மாதக்கணக்கில் அப்படித்தான் போனது.

போன வாரம் பாடசாலையிலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். உடனே படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க படத்தப் பாத்து முந்திருவீங்க அப்பா."

வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்றாள், நானும் நின்றேன். அந்தச் சிறு கைக்குக் கீழே இருந்தது கரடி என்று அவள் வாசித்துத்தான் எனக்குத் தெரிந்தது.